பட்டாளம் சென்று திரும்பியவரிடம் நாம் பட்ட கடன்

பட்டாளத்தில் ஊழியம் செய்து வயதாகித் திரும்பியவருக்குப் பிறர் செய்யும் உதவி தருமமா, கடனா? தருமம் என்றால் செய்தவருக்கு நன்மை உண்டு. செய்யாதவரை யாரும் கையைப் பிடித்துக் கேட்க முடியாது. கடன் என்றால் விஷயமே வேறு. கொடுக்க வேண்டியவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வாங்க வேண்டியவர் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் கல்லாவில் உட்கார்ந்து பழகிய நமக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? ஆகவேதான் இந்தக் கேள்வியை வர்த்தகர்களாகிய நம் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

ஆண்டுதோறும் ஜூலை 31-ஆம் தேதி இந்நாட்டில் வீரர் தினம். 1948-ல் தொடங்கிய அவசரகாலம் 1960-ஆம் வருஷம் அதே தேதியில்தான் முடிவுக்கு வந்தது. அன்று அணிவகுப்பு உண்டு, துஆ உண்டு, பிரசங்கம் உண்டு. கோலாலம்பூரில் 1966-ல் எழுப்பிய தேசிய நினைவுச் சின்னத்தின் முன்பு முன்னாளில் மலர் வளையம் வைத்தார்கள். மனித உருவச் சிலைகளுக்கு முன் அவ்விதம் செய்வது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற கேள்வி எழுந்தது. பிறகு நிகழ்ச்சி வேறிடங்களுக்கு மாறிற்று. அந்த வாதத்தில் நாம் இப்போது நுழையப் போவதில்லை. அதை ஆலிம்கள் பார்த்துக் கொள்வார்கள். ஆனால் ஒன்று சொல்லாமலிருக்க முடியவில்லை. சிலைக்கு மலர் வைக்கலாமா என்று கேட்டதில் நமக்கிருந்த ஆர்வத்தில் பாதிகூட, உயிரோடிருக்கும் பழைய சிப்பாயின் வீட்டு வாடகை இம்மாதம் கட்டப்பட்டதா என்று கேட்பதில் இருந்ததில்லை. நம் மண்டபங்களிலும் இதே கதைதான். பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துக் கொள்கிறோம், பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்புகிறோம். பொன்னாடை தவறென்று யார் சொன்னது? அது கடன் அடைத்ததற்குச் சீட்டாகாது என்பதுதான் நம் கட்சி.

பழந்தமிழர் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தனர். போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நடுகல் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். கல்லோடு அவர்கள் நிற்கவில்லை என்பது அவ்வளவாகத் தெரியாது. இறந்தவனுடைய குடும்பம் பிழைப்பதற்கு நிலம் விட்டார்கள். அந்த நிலத்துக்குக் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி என்று பெயர். இரத்தக்காணிக்கை என்றும் சொல்வதுண்டு. உதிரத்துக்கு ஈடாகத் தந்த நிலம் என்று பெயரிலேயே கணக்குத் தெரிகிறது. இன்னாருக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று அங்கே எழுதவில்லை. நாம் இன்று கல்லை வைத்துக்கொண்டு பட்டியை மறந்துவிட்டோம்.

இனி நம் பினாங்குக்கு வருவோம். 1786-ல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கியபோது அவரோடு சிப்பாய்களும் லஸ்கர்களும் வந்தனர். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் தொடக்கத்தைச் சொல்லும்போது பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் மரைக்காயரை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். கம்பெனிப் பட்டாளத்து முஸ்லிம் சிப்பாய்களும் அந்தத் தொடக்கத்தில் சேர்ந்தவர்களே. வர்த்தகரும் சிப்பாயும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுத ஊர் இது. வர்த்தகரின் பெயர் வீதிக்கும் பள்ளிவாசலுக்கும் நிலைத்தது. சிப்பாய்க்கு மிஞ்சியது பெரிய ஆஸ்பத்திரிப் பக்கத்து 'சிப்பாய் லைன்ஸ்' என்ற சாலைப் பெயர் ஒன்றுதான். ஆளின் பெயர் ஒன்றுகூட நம் நாவில் இல்லை. சூலியா வீதியில் பண்டகசாலை திறந்து வைத்தவர் இரவில் நிம்மதியாக உறங்கினார் என்றால், கோட்டை மதிலில் ஒருவன் உறங்காமல் நின்றான் என்றுதானே அர்த்தம்?

காவல் இல்லாத ஊர் எப்படியிருக்கும் என்பதையும் இந்நகரம் ஒரு தடவை பார்த்திருக்கிறது. 1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு வீசின. விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் வந்து நின்றவர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டனர். அடுத்த சில நாட்களில் வெள்ளைக்காரர்கள் இரவோடிரவாகக் கப்பலேறிப் போய்விட்டனர். 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்துதான் பிரிட்டிஷ் கொடியை இறக்க வேண்டி வந்தது. 19-ஆம் தேதி ஜப்பானியர் நுழைந்தனர். அதற்கிடையில் கடைகளும் கிட்டங்கிகளும் சூறை போயின. அந்த ஒரு வாரத்தைப் பற்றி நம் பாட்டனார் காலத்தவர் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பூட்டும் இரும்புக் கதவும் மட்டும் கடையைக் காப்பதில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

இங்கே ஓர் ஆட்சேபம் வரும்; வரவேண்டியதுதான். "எந்தப் பட்டாளம்? யாருடைய கொடி?" என்று கேட்பார்கள். நம் இனத்தவர் ஒரே கொடியின் கீழ் நின்றவர்களல்லர். ஒருவர் பிரிட்டிஷாரின் கீழ் ஊழியம் செய்தார். இன்னொருவர் அதே பிரிட்டிஷாரை எதிர்த்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். மூன்றாமவர் சுதந்திர மலாயாவின், பிறகு மலேசியாவின், ராணுவத்தில் இருந்தார். மூவரையும் ஒரே தட்டில் வைப்பது எப்படி?

இரண்டாமவரைப் பற்றிப் பினாங்கில் பேசாமலிருக்க முடியாது. 1942-ல் இங்கே இந்திய சுதந்திர லீக்கின் ஆதரவில் ஒரு பயிற்சிக்கூடம் நடந்தது. அதில் பயின்றவர்களில் வக்கம் அப்துல் காதர் ஒருவர். திருவிதாங்கூரைச் சேர்ந்த மலையாளி முஸ்லிம். பிழைக்க மலாயா வந்த இளைஞர். அந்த ஆண்டு செப்டம்பரில் இங்கிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் சென்று மலபார்க் கரையில் தானூரில் இறங்கினார், பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னைச் சிறையில் அவரையும் தோழர் மூவரையும் தூக்கிலிட்டார்கள். அவருக்கு வயது 26. நம் ஊர்க் கடைகளில் அந்த வயதுப் பையன்கள் இன்னும் தனிக்கடை வைப்பதைப் பற்றி யோசித்துக் கொண்டிருப்பார்கள்.

தூக்கில் இறந்தவருக்கு 1998-ல் இந்தியா தபால்தலை வெளியிட்டது. இறக்காமல் திரும்பியவர்கள் கதி என்ன? இந்தியா சுதந்திரம் பெற்ற பின்னும் தேசிய ராணுவத்தாரைப் பழையபடி ராணுவத்தில் சேர்த்துக் கொள்ளவில்லை. சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கென்று மத்திய அரசு பென்ஷன் திட்டம் கொண்டு வந்தது 1972-ல். யுத்தம் முடிந்து 27 வருஷங்கள்! மலாயாவில் சேர்ந்தவர்களோ, தோட்டத்திலிருந்து போனவர் தோட்டத்துக்கும், கடையிலிருந்து போனவர் கடைக்கும் சத்தமில்லாமல் திரும்பிவிட்டனர்.

இதில் வர்த்தகருக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. சுபாஸ் சந்திர போஸின் அரசாங்கத்தில் ஆலோசகராக இருந்தவர்களில் கரீம் கனி நம்மவர், தமிழ் முஸ்லிம். ரங்கூனில் மர்பானி என்ற மேமன் வர்த்தகர் 1944-ல் தம் சொத்து முழுவதையும் அந்த ராணுவத்துக்கு எழுதி வைத்தார். ஒரு கோடி ரூபாய் பெறும் என்பார்கள். மலாயாவிலும் வர்த்தகர் பலர் பணமும் நகையும் கொடுத்தனர். மனமுவந்து கொடுத்தவரும் உண்டு, பயந்து கொடுத்தவரும் உண்டு. எவ்விதமாயினும், பணம் போட்டு அனுப்பியவர் ஒருவர், உயிரைப் போட்டுச் சென்றவர் ஒருவர். கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளிக்கு நஷ்டம் வந்து படுத்துவிட்டால் மற்றப் பங்காளி "எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று சொன்னால் பஜாரில் அவரை யார் மதிப்பார்கள்?

இப்போது ஆட்சேபத்துக்குப் பதில். கொடி எது, அந்த யுத்தம் நியாயமா என்பது யுத்தத்தைத் தொடங்கியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. சரித்திரக்காரர்கள் கேட்கட்டும். அறுபது வயதில் முழங்கால் மடங்காமல் தொழுகைக்கு நாற்காலி தேடும் மனிதரிடம் அதைக் கேட்டு, பதிலுக்குத் தகுந்தாற்போல் மரியாதையைக் கூட்டிக் குறைப்பது முறையாகாது. யுத்தத்தில் அக்கிரமம் செய்தவன் இருந்தால் அவனுக்கு விசாரணை வேறு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. மற்றவர் விஷயத்தில் நாம் கௌரவிப்பது யுத்தத்தையன்று, அதில் தன் உடம்பை வைத்த மனிதரை.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கெட்டியானது. வர்த்தகர் வாயிலிருந்தே வருவது. "சிப்பாய் சம்பளம் வாங்கினார். வேலை முடிந்தது, கணக்கும் முடிந்தது. என் கடையில் பத்து வருஷம் வேலை செய்து போனவருக்கு நான் சாகும் வரை சோறு போடுகிறேனா?" என்பது.

யோசிக்க வேண்டிய கேள்விதான். ஆனால் இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம். 18 வயதில் நம் கடையில் சேரும் பையன் முதலில் கூட்டிப் பெருக்குகிறான், பிறகு சரக்கு எடுத்துக் கொடுக்கிறான், பிறகு விலை படிகிறான், கணக்குப் பார்க்கிறான். 31 வயதில் வெளியே போகும்போது தொழில் அவன் கையில் இருக்கிறது; நாலு மொத்த வியாபாரிகள் அவனை நம்பிச் சரக்குக் கடன் தருவார்கள். அதே 18 வயதில் பட்டாளத்துக்குப் போனவர் 31-ல் திரும்பும்போது கையில் என்ன இருக்கிறது? காட்டில் வழி கண்டுபிடிக்கத் தெரியும். துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் தெரியும். பஜாரில் இவற்றை யார் விலைக்கு வாங்குவார்? சம்பளம் அவர் உழைத்த நாட்களுக்குக் கூலி. தொழில் படிக்க வேண்டிய வயதை நாடு எடுத்துக்கொண்டதே, அதற்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் கட்டமில்லை.

இந்நாட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அவசரகாலத்தில் காடுகளில் போராடியவர்கள், 1960 முதல் காங்கோவுக்கு ஐக்கிய நாடுகள் படையில் சென்றவர்கள், 1963 முதல் 1966 வரை இந்தோனேசிய மோதலில் எல்லை காத்தவர்கள், 1989-ல் ஹட்யாயில் கம்யூனிஸ்டுகளோடு சமாதானம் ஆகும் வரை வட எல்லைக் காடுகளில் திரிந்தவர்கள், 1993-ல் சோமாலியாவில் தோட்டா மழையில் அமெரிக்கச் சிப்பாய்களை மீட்கப் போனவர்கள் என்று ஒரு நீண்ட வரிசை. இவர்களில் 21 வருஷ ஊழியம் நிறைந்த சிப்பாய்க்கே மாதாந்திர பென்ஷன். ஒப்பந்தம் முடிந்து பத்து, பதின்மூன்று, பதினைந்து வருஷங்களில் வெளியே வந்தவர்கள் ஏராளம். 'பென்ஷன் இல்லாத வீரர்' என்றே மலாயில் இவர்களுக்கு ஒரு தனிப் பெயர் ஏற்பட்டிருக்கிறது. காட்டில் மிதித்த கண்ணி, எத்தனை வருஷ ஒப்பந்தம் என்று கேட்டுக்கொண்டா வெடித்தது?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அபாண்டம். 1972 முதல் ஆயுதப்படையினர் சேமிப்பு நிதி நடந்து வருகிறது. வெளியே வருவோருக்குத் தொழில் பயிற்சி தரத் தனி நிறுவனம் உண்டு. இவர்கள் விவகாரங்களைக் கவனிக்க இலாகா உண்டு. 2012-ல் மூத்த வீரர் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். பென்ஷன் இல்லாதவர்களில் வறியவர்க்கு உதவித்தொகையும் தருகிறார்கள். ஆனால் மனு எழுதி, தாள்கள் சேர்த்து, இலாகாவுக்கு நடந்து கேட்டவருக்குத்தான் அது கிடைக்கும். கேட்கக் கூச்சப்படுபவர் பாடு?

காலம் கடத்திக் கொடுப்பது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கலாம். முதல் மகா யுத்தத்தில் போராடித் திரும்பியவர்களுக்கு 1924-ல் அங்கே ஒரு சட்டம் செய்து, கையில் பத்திரம் கொடுத்தார்கள். பத்திரத்தின் தவணை எப்போது? 1945-ல்! இருபது வருஷத்துக்கு மேற்பட்ட தவணையில் உண்டியல் எழுதுகிறவரை நம் பஜாரில் என்னவென்று சொல்வோம்? இடையில் பெரும் பஞ்சம் வந்தது. 1932-ல் பதினாயிரக்கணக்கில் அந்தப் பழைய சிப்பாய்கள், பெண்டு பிள்ளைகளோடு, வாஷிங்டனுக்கு வந்து குடிசை போட்டுத் தங்கினர். பத்திரத்தை இப்போதே மாற்றித் தரும்படி கேட்டனர். ஜூலை 28-ஆம் தேதி அதே நாட்டு ராணுவம் அவர்களை விரட்டிக் குடிசைகளைக் கொளுத்திற்று. 1936-ல்தான் பணம் கிடைத்தது. அந்த அவமானம் மனத்தில் உறைத்ததாலோ என்னவோ, அடுத்த யுத்தம் முடியுமுன்பே, 1944-ல், திரும்பி வருவோருக்குப் படிப்பும் வீட்டுக் கடனும் தரச் சட்டம் கொண்டு வந்தார்கள்.

நமக்கு அமெரிக்காவரை போக வேண்டிய அவசியமில்லை. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கிலாபத்தில் 'திவான்' என்னும் பதிவேடு தொடங்கிய வரலாறு நம் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ தடவை கேட்டதுதான். யார் யார் எந்தப் போரில் நின்றார்கள் என்று பெயர் வாரியாக எழுதி, ஆண்டுக்கு இன்ன தொகை என்று நிர்ணயித்தார்கள். பத்ரில் நின்றவர்களுக்கு ஐயாயிரம் திர்ஹம். அவர்களுடைய வீட்டாருக்கும் குழந்தைகளுக்கும் பங்கு இருந்தது. பால் மறந்த குழந்தைக்குத்தான் தொகை என்ற விதியால் ஒரு தாய் தன் சிசுவை அவசரமாகப் பால் மறக்கடிக்க முயன்றதையும், அழுகுரல் கேட்ட கலீபா பிறந்த குழந்தை முதலே தொகை உண்டு என்று விதியை மாற்றியதையும் நாம் அறிவோம். இதில் நாம் கவனிப்பது தொகையையன்று, ஏட்டை. பெயர் ஏட்டில் ஏறியவர் வந்து கெஞ்ச வேண்டியதில்லை. கொடுப்பவர்தான் தேடிப் போக வேண்டும்.

அதே கலீபா வீதியில் பிச்சை கேட்ட முதிய யூதர் ஒருவரைக் கண்டு, அவருடைய இளமையில் வரி வாங்கிக்கொண்டு முதுமையில் கைவிடுவது நியாயமன்று என்று வருந்தி, பைத்துல்மாலிலிருந்து படி கொடுக்கச் சொன்னதாகவும் வரலாறு உண்டு. அந்த முதியவர் பட்டாளத்துக்காரரல்லர், நம் மார்க்கத்தவருமல்லர். எனினும் நம் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு எங்கே கிடைக்கும்? இளமையை வாங்கிக் கொண்டவருக்கு முதுமை பொறுப்பாகிறது.

'அல்பகரா' அத்தியாயத்தில் ஒரு வகை வறியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. இறைவழியில் முடக்கப்பட்டுப் பிழைப்புத் தேட இயலாதவர்கள். வருந்திக் கேட்க மாட்டார்கள். அறியாதவர் பார்த்தால் வசதியுள்ளவர் என்றே நினைப்பார். பட்டாளம் சென்று வந்தவர்களில் பலரை நாம் பார்க்கும்போது இந்த ஆயத்துத்தான் நினைவுக்கு வருகிறது. சட்டை சலவை செய்திருக்கும், தலை வாரியிருக்கும், முதுகு வளையாது. கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ், சௌகரியம்" என்பார்கள். அந்தப் பதிலை நம்பிவிடுவது நமக்கும் சௌகரியமாகத்தான் இருக்கிறது.

"ஜகாத்திலிருந்து கொடுக்கிறோமே" என்று நல்லெண்ணத்தோடு சொல்வோரும் உண்டு. அவர் ஏழையாக இருந்தால் ஜகாத் அவருக்குச் சேரும். அது ஏழை என்ற முறையில் அவருக்குரிய பங்கு. சிப்பாய் என்ற முறையில் நாம் அவரிடம் பட்டது வேறு கணக்கு. ஒரே ரொக்கத்தை இரண்டு பேரேட்டில் வரவு வைத்தால் ஐந்தொகை பார்க்கும்போது அகப்பட்டுக் கொள்வோம். ஜகாத் கொடுத்துவிட்டு 'வீரரைக் கௌரவித்தோம்' என்று அதற்கொரு விழாவும் நடத்துவது எந்த வகைக் கணக்கு என்று நமக்கு விளங்கவில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டி அதைப் பாழாக்கக் கூடாதென்பதும் அதே அத்தியாயத்தில் உள்ளதுதான்.

அப்படியானால் வர்த்தகர் செய்யக்கூடியது என்ன? பணத்தைவிட நம்மிடம் அதிகமாக இருப்பது தொழில். பழைய சிப்பாய் வேலை கேட்டு வந்தால் நமக்கு உடனே தோன்றுவது ஜாகா வேலை. இரவு முழுவதும் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். "பட்டாளத்துக்காரர், பயமில்லை" என்று பெருமையும் பேசுவோம். இருபது வருஷம் காவல் நின்றவரை மறுபடியும் காவலுக்கே நிறுத்துவதில் மரியாதை எங்கே இருக்கிறது? அவரில் எத்தனையோ பேர் பண்டகசாலைப் பொறுப்புப் பார்த்தவர்கள், லாரிப் படையை நடத்தியவர்கள், நூறு பேருக்கு வேளை தவறாமல் சமைத்துப் போட்டவர்கள். நாசிக் கண்டார் கடை நடத்துகிறவருக்கு இந்தக் கடைசி வித்தையின் மதிப்பைச் சொல்லித் தர வேண்டுமா? கல்லாவுக்குப் பக்கத்தில் ஆறு மாதம் உட்கார வைத்து விலையும் கணக்கும் பழக்கி, பிறகு சிறு கடை ஒன்றுக்குத் தவணையில் சரக்குக் கொடுத்தால், அவர் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவார். கட்டுப்பாடு பழகிய மனிதர் தவணை தவற மாட்டார் என்பது நம் அபிப்பிராயம். ஊரிலிருந்து வந்த மைத்துனருக்கு இதைச் செய்கிறோம். ஒருவர் வழி இன்னொருவராக நம் சமூகம் இந்தத் தீவில் வேரூன்றியதே இப்படித்தான். இரத்த உறவுக்குச் செய்வதை, இரத்தம் சிந்தத் தயாராக இருந்தவருக்கும் செய்யலாம்.

அவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம், சீக்கியராக இருக்கலாம். 1952-ல் அமைத்த பெடரேஷன் ரெஜிமெண்டு பல இனத்தவரும் சேர்ந்த படைதான். தைப்பிங் யுத்த மயானத்தில் 850-க்கு மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. அவற்றில் 500-க்கு மேற்பட்டவை இன்னாருடையதென்று அடையாளம் தெரியாதவை. பெயர் தெரியாதவருக்கு ஜாதி எங்கே? கடன் கொடுத்தவர் எந்த இனத்தவராயினும் கடன் கடன்தான் என்பதில் வர்த்தகருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

கடைசியாக, விதவைகள் விஷயம். கணவர் காட்டிலிருந்தபோது முகாமுக்கு முகாம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாறியவர்கள் இவர்கள். கணவர் கண் மூடியபின் எந்தத் தாள் எங்கே இருக்கிறது, எந்த இலாகாவுக்கு எழுதுவது என்று தெரியாமல், உரிய தொகையைக்கூடக் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். நம் சங்கத்தில் ஒரு பதிவேடு போடலாம். நம் பள்ளிவாசல் வட்டாரத்தில் பட்டாளத்தில் இருந்தவர் யார், எத்தனை வருஷம், பென்ஷன் உண்டா, அவர் இல்லையென்றால் வீட்டில் யார் இருக்கிறார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத இரண்டு இளைஞர் போதும். மனு நிரப்புவதற்குத் தனி ஆபீஸ் வேண்டியதில்லை. மலாயில் கடிதம் எழுதத் தெரிந்த கணக்குப்பிள்ளை ஒருவராவது நம் கடைகள் ஒவ்வொன்றிலும் இருக்கிறார். கடை அடைத்த பிறகு அரை மணி நேரம் அவரை அந்த வீட்டுக்கு அனுப்பினால் ஆகிவிடும்.